ஒட்டுக்கேட்ட விமானம்

ஒன்பது வயதில் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தில் நான் ஒரு முக்கியமான ஆள். அங்கிருந்த தமிழ் ஆண்களில் பாதிப் பேர் நான் இல்லாமல் வங்கிக்கோ வைத்தியரிடமோ போகமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருடம் போவதற்குள் டெனிஷ் மொழி என் வாயில் ஏறிவிட்டது. அவர்களுக்கோ பகல் முழுக்க இறைச்சித் தொழிற்சாலையில் பன்றிகளோடு வேலை. பன்றிகளிடம் எந்த மொழியைப் படிப்பது? ஆகவே பின்னேரங்களில் யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று, "பிள்ளைய ஒருக்கா என்னோட விடுங்கோ அண்ணை" என்று அப்பாவிடம் கேட்பார். போய்வந்தால் எனக்கு ஒரு சொக்கலேற் கிடைக்கும். பெருக்கல் வாய்பாடு சரியாக வருவதற்கு முன்பே பெரிய மனிதர்களின் மூலவியாதியைப் பற்றி டெனிஷில் பேசப் பழகியிருந்தேன்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று என்னைச் சொல்ல முடியாது. நீட்டி முழக்கிச் சொல்வதை இரண்டு சொல்லில் முடித்துவிடுவேன். சலிப்பான கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிவிடுவேன். ஒருவருக்கும் அது தெரியவில்லை. இரண்டு பக்கமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். நாங்கள் புறப்பட்டபோது தம்பி கைக்குழந்தை. பல நாடுகளைச் சுற்றி, எல்லைகளில் காத்துக் கிடந்து வரும் பயணத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுவர முடியாது என்று பேசி, அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் சின்னம்மாவோடு நின்றுவிட்டார்கள். அப்பா போய் அகதியாக ஏற்கப்பட்டதும் அவர்களை அழைப்பார் என்பது ஏற்பாடு. அழைப்பதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் உரிமையும் இருந்தது. அப்பா விண்ணப்பம் கொடுத்தார். குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கேட்கும்போதெல்லாம், "உங்கள் கேஸ் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பதில் வந்தது. என் வாழ்க்கையில் நான் அதிகம் மொழிபெயர்த்த வாக்கியம் அதுதான்.

ஊரோடு தொலைபேசித் தொடர்பு இல்லாத காலம் அது. எல்லாக் குடும்பங்களும் ஒலிநாடாக் கசட்டில்தான் கதைத்தன. அம்மா அங்கே ஒரு கசட்டில் பேசி, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவா. அது கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்துசேரும். ஆசை தீரக் கேட்டபிறகு, அதே கசட்டில், அம்மா பேசியதன் மேலேயே நாங்கள் எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். அங்கே கசட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒவ்வொரு தடவையும் ஒருவர் குரலை மற்றவர் குரல் அழித்துவிடும். அதை ஒரு இழப்பாக யாரும் நினைத்ததில்லை. கதைப்பதென்றால் அப்படித்தானே, சொன்னது போய்விடும், அடுத்தது வரும்.

கடைசியாக வந்த கசட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். யாழ்ப்பாணத்தை விட்டுப் பல மாதம் கொழும்பிலும் வேறு இடங்களிலும் அலைக்கழிந்து அந்தக் கோடையில்தான் வந்து சேர்ந்திருந்தார். கசட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரையின் விளிம்பில் இருந்தார். அப்பா சோறு போட்டுக் கொடுத்தார், அவர் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, "அக்கா கொஞ்சம் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில எண்டு கதைச்சவை அண்ணை. நான் வெளிக்கிடுற அவசரத்தில சரியா விசாரிக்கேல்ல" என்றார். அப்பா குழம்புச் சட்டியை எடுத்து அவருக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கசட்டில் அம்மா வழக்கம்போலத்தான் பேசியிருந்தா. தம்பி கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான். அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் நின்று நின்று காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. என்னிடம், "தலைமயிரை வெட்டிப்போடாத பிள்ளை, நான் வந்து இழுத்துப் பின்னிவிடுறன்" என்றா. நான் அதற்கு முதலே வெட்டியிருந்தேன். பிறகு திடீரென்று, "பொறுங்கோ, வாறன்" என்றா. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. தூரத்தில் ஒரு இரைச்சல் மட்டும். அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வரும்போது ரேப் நாடா முடிந்துவிடும். ஒவ்வொரு கசட்டின் கடைசியிலும் அம்மா, "சரி, வைக்கிறன், மாதா காப்பா" என்று சொல்லித்தான் முடிப்பா. இதில் அது இல்லை.

நான் பதில் பேசத் துடித்துக்கொண்டிருந்தேன். பனி, நீச்சல் வகுப்பு, வெட்டின தலைமயிருக்கு நான் தயாரித்து வைத்திருந்த சாட்டு என்று சொல்ல நிறைய இருந்தது. அப்பாவோ, "கேஸ் முடியட்டும், நல்ல செய்தியோட சேர்த்துச் சொல்லுவம்" என்று தள்ளிக்கொண்டே போனார். ஆனால் கசட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவின் குரலைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது கடைசித் துண்டை மட்டும் என்பதை நான் கவனித்திருந்தாலும், அது ஏன் என்று யோசிக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் தொடர்பு அம்மையார் ஒரு சுற்றுலாவை ஒழுங்கு செய்தா. புதிதாக வந்த அகதிகளுக்கு நாட்டைப் பழக்கிவிட ஒவ்வொரு ஊரிலும் சில டெனிஷ்காரர் தாமாக முன்வந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் தங்கமான மனுசி. சைக்கிள் ஓட்டவும் குப்பையைப் பிரித்துப் போடவும் எங்களுக்குப் பழக்கியவ. பழைய விமானங்களை வைத்திருக்கும் ஒரு இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னா. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விமானம் என்றால் கொள்ளை ஆசை என்பதில் அவவுக்குச் சந்தேகமே இல்லை. அங்கே ஒரு வயதானவர் விளக்கம் சொல்வார், அவர் அந்தக் காலத்தில் விமானத்தில் இருந்தபடி மற்ற நாட்டாரின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டவர் என்றும் சொன்னா. நான் மொழிபெயர்த்தபோது அப்பா, "என்ன, கேக்கிறதுதான் அவற்ற வேலையோ?" என்று இன்னொரு தரம் விசாரித்தார். அப்பா இப்படி எதையும் இரண்டாம் தரம் விசாரிக்கிறவர் அல்ல.

எங்கள் ஆட்கள் ஞாயிறன்று கலியாண வீட்டுக்குப் போவதுபோல வந்தார்கள். கோட்டும் சூட்டும் ரையும், கையில் வெள்ளித்தாள் சுற்றிய ரோல்ஸ் பலகாரப் பொதிகளும். சின்ன பஸ்ஸில் பாட்டும் பகிடியுமாகப் போனோம். பஸ் ஒரு புல்வெளியில் திரும்பியபோது பகிடி நின்றது. வெளியே, பகல் வெளிச்சத்தில், வயிறு பெருத்த ஒரு விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் ஆட்களில், ஊரில் விமானத்தைப் பார்த்ததும் ஓடி ஒளியாதவர் ஒருவரும் இல்லை. அம்மையார் முன்னால் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்து, ஆச்சரியத்தில் வாயடைத்துப் போய்விட்டோம் என்று நினைத்து மகிழ்ந்துபோனா.

கசட் கொண்டுவந்த அண்ணை இறங்கினார், ஆனால் கிட்டே வரவில்லை. வேலி ஓரமாகப் போய் நின்று சிகரெட் பற்றவைத்தார்.

விளக்கம் சொன்னவர் நெட்டையான கிழவர். காதுகள் மட்டும் முகத்துக்கு அளவில்லாமல் பெரிதாக இருந்தன. தொழிலுக்கு ஏற்ற காது என்று நான் நினைத்தேன். அந்த விமானம் பெரிய போரில் சிப்பாய்களையும் சாமான்களையும் ஏற்றியதாம். போர் முடிந்தபின் பக்கத்து நாட்டு விமானப்படை அதை வாங்கி, கதிரைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே வானொலிப் பெட்டிகளைப் பொருத்திக் கடலுக்கு மேலே பறக்கவிட்டது. எதிர்க்கரைக்காரர் என்ன கதைக்கிறார்கள், எந்தத் திசையிலிருந்து ராடர் அடிக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவதுதான் அதற்குப் பிறகு அதன் வேலை. கிழவரும் அந்தப் படையில் இருந்து, பிறகு டென்மார்க்கில் குடியேறியவராம்.

"இது குண்டு போட்டதோ எண்டு கேள் பிள்ளை" என்றார் ஒருவர்.

ஒருபோதும் இல்லை, கேட்டது மட்டும்தான் என்றார் கிழவர்.

"பாத்தியளே" என்றார் கேட்டவர், மற்றவர்களிடம். "எங்கட ஊரில சாமான் ஏத்துற பிளேனைப் பொம்மர் ஆக்கினவங்கள். கதவைத் திறந்து குண்டைக் காலால தள்ளி விட்டவங்கள். இங்க அதே பிளேனைக் காது ஆக்கியிருக்கிறாங்கள்."

அவர் என்ன சொல்கிறார் என்று அம்மையார் கேட்டா. விமானம் மிகவும் அழகாக இருக்கிறதாம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

உள்ளே ஏறினால் தரை சரிவாக இருந்தது, பின்கதவால் நுழைந்து மேட்டில் ஏறுவதுபோல நடக்க வேண்டும். ஒரு பக்கச் சுவரோடு மேசைகள், ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறப் பெட்டி, ஒரு காதுக்கருவி. யன்னல் சிலதை அடைத்திருந்தார்கள். மணிக்கணக்காக இந்த இருட்டில் இருந்து கேட்போம், குளிர் எலும்பைத் தின்னும் என்றார் கிழவர். வருபவர்களுக்குக் கேட்கக் கொடுப்பதற்காக ஒரு மேசையில் ரேப் ரெக்கோடர் வைத்திருந்தார். கீச்சுக் கீச்சென்ற ஒலிகள். எல்லோரும் வரிசையாகக் காதில் வைத்துப் பார்த்து, விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு, ரோல்ஸ் நினைவோடு இறங்கிப் போனார்கள். அம்மையாரும் அவர்களோடு போனா.

அப்பா இறங்கவில்லை. எல்லோரும் போனபின் கோட்டின் உள்பையிலிருந்து அம்மாவின் கசட்டை எடுத்தார். அதை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"கடைசியில ஒரு இரைச்சல் இருக்கு. அது என்ன எண்டு இவருக்குக் கேட்டுச் சொல்ல ஏலுமோ எண்டு கேள்" என்றார். பிறகு, "வடிவாச் சொல்லு பிள்ளை. நீயா ஒண்டும் சேர்க்காத" என்றார். என் கள்ளம் அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது என்பது எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. அதனால் அன்று ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னேன்.

கிழவர் கசட்டைப் போட்டார். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இப்போது தம்பியைப் பற்றிச் சொல்லுவா, இப்போது என் தலைமயிருக்கு வந்திருப்பா என்று நான் மனதுக்குள் கணக்கிட்டுக்கொண்டு நின்றேன். கிழவரின் விரல் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு தட்டுவது நின்றது. கடைசித் துண்டை அவர் பின்னுக்குச் சுற்றி இன்னொரு தரம் கேட்டார். கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"பேசுவது யார்?" என்று என்னிடம் கேட்டார்.

"என் அம்மா" என்றேன்.

காதுக்கருவியைக் கழற்ற அவருக்கு நீண்ட நேரம் பிடித்தது. பிறகு, உங்கள் ஊரில் என்ன பயிர் செய்வார்கள் என்று கேட்டார். வெங்காயம், மிளகாய், புகையிலை என்றேன். அவற்றுக்கு எப்படித் தண்ணீர் விடுவார்கள்? எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கிணற்றடியில் மெசின் இருக்கும், மண்ணெண்ணெயில் ஓடும், குழாயால் தண்ணீர் பீச்சும், நாங்கள் அதற்குக் கீழே நின்று குளிப்போம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அதுதான் இது" என்றார் கிழவர். "விமானம் இல்லை. ஒரே இடத்தில் நின்று ஓடுகிற சின்ன எஞ்சின். காற்று வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும், அதனால் சத்தம் கூடுகிறது. அப்பாவிடம் சொல்லு."

சொன்னேன். "தண்ணி இறைக்கிற மெசினாம் அப்பா. காத்து திரும்பினதில சத்தம் கூடுதாம்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, கிழவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழவரும் கண்ணை எடுக்கவில்லை. எனக்குக் கால் உளையத் தொடங்கியது. கடைசியில் அப்பா, "ஓம். பக்கத்துத் தோட்டத்தில ஒரு மெசின் இருக்கு. அதுதான் எண்டு சொல்லு. பெரிய உபகாரம் எண்டும் சொல்லு" என்றார். நான் சொன்னதும் கிழவர் எழுந்து, அந்தச் சரிவான தரையில் காலை ஊன்றிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்தார். டெனிஷ்காரர் கைகொடுத்தால் உடனே விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை.

நான் முதலில் குதித்து இறங்கினேன். எனக்கு ஒரே சந்தோசம், ஏதோ ஒரு பெரிய பரீட்சையில் நான் பாஸாகிவிட்டதுபோல. அப்பா ரோல்ஸ் சாப்பிடுகிறவர்களைத் தாண்டி நேரே வேலியடிக்குப் போனார். அங்கே நின்ற அண்ணையிடம் ஏதோ கேட்டார். அண்ணை தலையைக் குனிந்தார், பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அப்பா அவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த அண்ணை இவ்வளவு பெரிய ஆள், ஓடாத விமானத்துக்குப் பயந்து அழுகிறாரே என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் கத்தியை எடுத்தார். கசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பிறகு அதில் எதையும் பதிய முடியாது. அப்பா இரண்டையும் நெம்பி உடைத்தார்.

"இனி இதில நாங்கள் கதைக்க ஏலாதே அப்பா" என்றேன்.

"ஓம்" என்றார். "இது இப்பிடியே இருக்கட்டும்."

புதுக் கசட் வாங்கப் போகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். புதுக் கசட் என்றால் இரண்டு பக்கமும் நான் பேசலாம். படுக்கையில் கிடந்து, தலைமயிர் விசயத்தை எந்த இடத்தில் நுழைப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

நத்தார்ப் பண்டிகைக்குச் சில கிழமைகள் முன்பு அப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதை இங்கே நான் எழுதப் போவதில்லை. கந்தோருக்கு மட்டும் அவர் எதையும் சொல்லவில்லை. விண்ணப்பத்திலிருந்து ஒரு பேரை எடுத்தால் மற்றப் பேரும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. நாங்கள் போய்க் கேட்டபோதெல்லாம் நான் பழையபடி, "மனைவியும் மகனும்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவ, பழையபடி, பரிசீலனையில் இருக்கிறது என்றா. அம்மா இல்லாமற்போன பிறகும் அம்மாவின் கேஸ் இருந்தது. எங்களைப்போன்றவர்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்ட கதை பிறகு ஊருலகத்துக்கெல்லாம் தெரிந்தது, ஒரு அரசாங்கமே அதில் கவிழ்ந்தது. கோப்புக் கட்டுகள் அவிழ்ந்தபோது அனுமதி இரண்டு பேரின் பெயரிலும் வந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுததுபோல அவர் அதற்கு முன்னும் பின்னும் அழுது நான் பார்த்ததில்லை.

தம்பி சின்னம்மாவோடு வந்து இறங்கினான். சின்னம்மா கனடாவுக்குப் போகிற வழியில் சில நாட்கள் எங்களோடு தங்கினா. அந்தக் கசட்டை ரெக்கோடரிலிருந்து எடுத்து அந்த அண்ணையிடம் கொடுத்துவிட்டது தான்தான் என்று சொன்னா. தம்பி அப்போது அவவின் இடுப்பில், கிணற்றடியில் இருந்தானாம். எழுத மனம் வராமல் கசட்டை மட்டும் அனுப்பினாவாம், அந்தப் பொடியன் வாயால் சொல்லிவிடுவான் என்று நினைத்தாவாம். நான் அவவிடம் பக்கத்துத் தோட்டத்து மெசினைப் பற்றிக் கேட்டேன். சின்னம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தா. "மெசினோ? மண்ணெண்ணெய்க்கு எங்க பிள்ளை போறது? ஆமிக்காரர் வரவிடாமல் மறிச்செல்லோ வைச்சிருந்தவங்கள். அந்த வருசம் எங்கட பக்கத்தில ஒரு மெசினும் ஓடேல்ல. மிளகாய் எல்லாம் நிண்ட நிலையில கருகினது."

மண்ணெண்ணெய் இல்லை என்பது ரண்டர்ஸில் இருந்த எல்லாத் தமிழருக்கும் தெரிந்த விசயம். ஒவ்வொரு கசட்டிலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பொதுவாக ஒரு பாசையும் இல்லாத இரண்டு ஆண்கள் அன்று அந்த விமானத்துக்குள் என் வாயால் ஒருவரோடொருவர் பேசினார்கள். நான் மிகச் சரியாக மொழிபெயர்த்த தடவை அது ஒன்றுதான். என்ன பேசினார்கள் என்று விளங்காமல் போனதும் எனக்கு மட்டும்தான்.

அம்மாவின் குரல் தம்பிக்கு அந்தக் கசட்டில் மட்டும்தான் இருக்கிறது. பத்து வயதில் அவன் அதை எடுத்து எடுத்துக் கேட்பான், தான் நடக்கத் தொடங்கிய கதை வரும் இடத்தில் சிரிப்பான். அம்மா எப்படி இறந்தா என்பது அவனுக்குத் தெரியும். அந்த நாளில் பதிந்ததுதான் இந்தக் கசட் என்பது தெரியாது. ஒரு நாள் கடைசிவரை ஓடவிட்டுவிட்டு, அவனுக்குச் சுலபமாக வரும் டெனிஷில், அது என்ன சத்தம் என்று என்னிடம் கேட்டான். அப்பா சோபாவில் பத்திரிகையை விரித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை அசையவில்லை.

"தண்ணி இறைக்கிற மெசின்" என்றேன்.

"ஏன் அக்கா சத்தம் கூடிக்கொண்டு வருது?"

"காத்து வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்."

தம்பி சரி என்று தலையாட்டிவிட்டு, ரேப்பைப் பின்னுக்குச் சுற்றி, அம்மா பேசத் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோனான்.